பால் குளிர்விப்புத் தொட்டியும் அதன் உஷ்ண உணரியும்

கறந்த பால் பசுவின் உடற்சூட்டுடனேயே பாத்திரத்தில் விழுகிறது. நமது சீதோஷ்ண நிலையில் அது தானாகக் குளிர்ந்துவிடுவதில்லை. அந்தச் சூட்டில் பாலிலுள்ள நுண்கிருமிகள் அரைமணி நேரத்துக்கு ஒரு முறை இருமடங்காகப் பெருகக்கூடியவை. பாலை 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்துவிட்டாலோ, அப்பெருக்கம் மிகவும் மந்தமாகிவிடுகிறது. இக்காரணம் பற்றியே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் ‘பல்க் கூலர்’ என்று வழங்கும் எஃகுத் தொட்டிகள் நிறுவப்பட்டிருக்கின்றன. மாலையில் ஊற்றிய பால், மறுநாள் டேங்கர் லாரி வரும் வரையில் இத்தொட்டியில் கெடாதிருக்க வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி என்றால், நாளொன்றுக்குப் பத்து லிட்டர் ஊற்றும் 100 குடும்பங்களின் ஒரு நாளைய உழைப்பு அதனுள் இருக்கிறது.

இத்தொட்டியின் கம்ப்ரெஸரை ஓட விடுவதும் நிறுத்துவதும் மனிதர் அல்லர். தொட்டியின் அடிப்புறத்தில் ஒரு சிறு குழல் இருக்கும். அதனுள் விரலளவு நீளமுள்ள எஃகுக் குச்சி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதுவே உஷ்ண உணரி. சங்கங்களில் ‘சென்சார்’ என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அது சொல்லும் உஷ்ணத்தைச் சுவரிலுள்ள கண்ட்ரோலர் எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணை நம்பியே கம்ப்ரெஸர் ஓடுகிறது, நிற்கிறது.

உணரி முற்றும் பழுதானால் தீங்கு குறைவு. திரையில் பொருளற்ற எண்ணோ எழுத்தோ தோன்றும். உடனே மெக்கானிக்கை அழைத்துவிடுவோம். சிறிது பழுதான உணரியோ, பார்ப்பதற்கு உண்மை போலவே இருக்கும் தவறான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்றிருந்த ஒரு சங்கத்தில் திரை 4 டிகிரி என்றது. ஆனால் அனுப்பிய பால் இரண்டு நாட்களாகத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. உறுப்பினர் ஒருவர் மீது ஒருவர் ஐயுற்று, யாரோ பழைய பாலைக் கலந்துவிட்டார்கள் என்று சச்சரவு முற்றியிருந்தது. லாக்டோமீட்டர் பரிசோதனைக்காக மேஜை மீது கிடந்த கண்ணாடி உஷ்ணமானியைத் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். பால் 9 டிகிரியில் இருந்தது! கம்பிகள் இணையும் சிறு பெட்டிக்குள் கழுவும் நீர் புகுந்து, ஒரு முனை பச்சை பூத்திருந்தது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிய, உணரியின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். வழக்கிலுள்ள உணரிகள் இருவகை. ஒன்று பிளாட்டினக் கம்பியால் ஆனது. உஷ்ணம் ஏற ஏறப் பிளாட்டினத்தின் மின்தடை உயரும் என்ற உண்மையைக் கொண்டு உஷ்ணமானி செய்யலாம் என வில்லியம் ஸீமென்ஸ் 1871-ல் எடுத்துரைத்தார். இன்று ‘பி.டி. 100’ என்று விற்கப்படும் உணரி 0 டிகிரியில் 100 ஓம் தடை காட்டும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 ஓம் வீதம் ஏறும். மற்றது தெர்மிஸ்டர். இது 25 டிகிரியில் பெரும்பாலும் 10,000 ஓம் காட்டும். குளிரக் குளிர அதன் தடை கூடி, 0 டிகிரியில் 30,000 ஓமுக்கும் மேற்செல்லும். இவ்விரண்டும் எதிர்த்திசையில் இயங்குபவை என்பதை மறத்தலாகாது.

ஆகவே, இணைப்பில் துருவோ களிம்போ ஏறித் தடை கூடினால் விளைவும் எதிரெதிராக இருக்கும். பிளாட்டின உணரியில் இரண்டு ஓம் கூடினாலே உள்ளதை விட ஐந்து டிகிரி சூடாகக் காட்டும். கம்ப்ரெஸர் நில்லாது ஓடி, பால் தொட்டியின் சுவரில் உறைந்து, மின்சாரமும் வீணாகும். தெர்மிஸ்டரிலோ தடை கூடினால் உள்ளதை விடக் குளிர்ந்ததாகக் காட்டும். கம்ப்ரெஸர் சீக்கிரமே நின்றுவிடும். மேற்சொன்ன சங்கத்தில் நேர்ந்தது இதுவே. இரண்டில் பாலைக் கெடுப்பது பின்னதே.

உணரியைச் சோதிக்கப் பனிக்கட்டியை விட எளிய சாதனம் இல்லை. டேங்கர் சென்று, தொட்டி காலியாக உள்ள வேளையில், கம்ப்ரெஸரின் ஸ்விட்சை அணைத்து, கண்ட்ரோலரை மட்டும் ஓடவிட வேண்டும். வாயகன்ற பிளாஸ்கில் பனிக்கட்டியைக் கடலை அளவாக நொறுக்கி நிரப்பி, இடைவெளி அடையும் அளவுக்கு மட்டும் சுத்தமான நீர் ஊற்றிக் கலக்குக. பனிக்கட்டி மிதந்து அடியில் நீர் தங்கினால், அந்நீரை வடித்து மேலும் பனிக்கட்டி இடுக. உணரியைக் குழலிலிருந்து உருவி, அடியையும் சுவரையும் தொடாமல் நான்கு விரற்கடை ஆழத்தில் ஐந்து நிமிடம் வைத்திருந்தால், திரை 0 காட்ட வேண்டும். அரை டிகிரி கூடக் குறைய இருந்தால் பாதகமில்லை. மீன் சந்தைப் பனிக்கட்டியை இதற்குக் கொள்ளலாகாது. உப்பு சேர்ந்த பனிக்கட்டி 0 டிகிரிக்கும் கீழே செல்லும், நல்ல உணரியின் மீது வீண்பழி விழும். மாதம் ஒரு முறை இவ்வாறு செய்தால் போதும்.

அன்றாடச் சோதனை இதனினும் சுலபம். கலக்கியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தம் செய்த சிவப்புத் திரவ உஷ்ணமானியைப் பாலில் விட்டு, திரையிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுக. பாதரச உஷ்ணமானி வேண்டாம். உடைந்தால் தொட்டிப் பால் முழுவதையும் கொட்ட நேரிடும்.

பனிக்கட்டியில் சரியாகவும் தொட்டியில் தவறாகவும் காட்டினால் உணரியில் குற்றமில்லை. அது குழலிலிருந்து வெளியே நழுவியிருக்கலாம். அல்லது உஷ்ணத்தைக் கடத்துவதற்காக உள்ளே தடவிய பசை காய்ந்திருக்கலாம். பழைய பசையைத் துடைத்து, புதிது தடவி, அடிமுட்டச் செருகிக் கட்டிவிட வேண்டும். கம்ப்ரெஸர் கிளம்பும் பொழுதெல்லாம் எண் துள்ளினால், உணரிக் கம்பி மோட்டார்க் கம்பியுடன் ஒரே குழாயில் செல்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பிரித்து அமைத்தல் அவசியம். பனிக்கட்டியிலேயே தவறு தெரிந்தால், மின்சாரத்தை அறவே நிறுத்திவிட்டு, இணைப்புப் பெட்டியைத் திறந்து முனைகளைச் சுத்தம் செய்து முறுக்குக. எலி கடித்த தடயமும் அங்கே அகப்படலாம்! அப்படியும் தவறு நீடித்தால் உணரியை மாற்றுவதே முறை. கண்ட்ரோலரில் எண்ணைத் திருத்தும் வசதி இருக்கிறதே என்று சிலர் அதையே நாடுவர். அரை டிகிரிக்கு அது தகும். ஐந்து டிகிரியைத் திருத்தி வைப்பது நோயை மறைப்பதாகும், களிம்பு நாளை இன்னும் ஏறும்.

புதிய உணரி வாங்குகையில் பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். உருவத்தில் ஒன்று போலவே இருந்தாலும் வகை வேறானால் கண்ட்ரோலர் பொய்யே சொல்லும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் பனிக்கட்டியில் வைத்துத் தடையை அளந்தால், 100 ஓமா, 30,000 ஓமுக்கு மேலா என்று உடனே தெரிந்துவிடும்.

பழுது வராமற் காப்பதற்குச் செய்ய வேண்டியது சொற்பமே. தொட்டியைக் கழுவும் பொழுது ஹோஸ் தண்ணீரை இணைப்புப் பெட்டியின் மீது பாய்ச்சலாகாது. கம்பி, பெட்டிக்குள் நுழையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து மேலேறுமாறு அமைந்தால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அதே வகை உணரி ஒன்று சங்கத்தின் பீரோவில் எப்போதும் இருக்கட்டும். அது சில நூறு ரூபாய்ச் செலவே. திரை காட்டிய எண், கண்ணாடி உஷ்ணமானி காட்டிய எண் இரண்டையும் தேதியுடன் ஒரு நோட்டில் செயலாளர் எழுதி வரட்டும். பால் திரும்பி வந்த நாளில் உறுப்பினரைச் சந்தேகிப்பதற்கு முன், பஞ்சாயத்து அங்கத்தினரும் பால் ஊற்றுவோரும் முதலில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.