பூச்சிமருந்து எச்சம் காட்டும் நொதிக் கருவியும் கணக்கும்

காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்துக் கறிவேப்பிலை கேரளத்திற்கும் வெளிநாடுகளுக்கும் செல்வதைத் தாங்கள் அறிவீர்கள். 2015-ஆம் ஆண்டில், தமிழகத்திலிருந்து வரும் காய்கறிகளிலும் கறிவேப்பிலையிலும் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகக் கூறிக் கேரள அரசு கெடுபிடி செய்தது. எச்சத்தை ஆய்வகத்தில் துல்லியமாக அறியலாம். ஆனால் முடிவு வருமுன் பறித்த தழை வாடிவிடும். தோட்டத்திலேயே சில நிமிடங்களில் சோதிக்கும் நோக்குடன் ஆய்வாளர்கள் நொதி உணரிகளை உருவாக்கி வருகின்றனர்.

கருவி வேலை செய்யும் விதம்

சர்க்கரை நோயாளிகள் ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு வீட்டிலேயே அளவு பார்க்கும் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இதற்கு அடிப்படையான நொதி மின்முனையை அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் ஆகியோர் 1962-இல் விவரித்தனர். எச்சம் காணும் உணரியில், மின்முனைமீது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்னும் நொதி மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். இது பூச்சிகளின் நரம்பிலும் உள்ள நொதியாகும். இதற்கேற்ற வேதிப்பொருளைச் சொட்டினால், நொதி அதைச் சிதைக்க, சிறிதளவு மின்னோட்டம் உண்டாகும். புரபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும், கார்பமேட் வகை மருந்துகளும் இந்நொதியை முடக்கிவிடும். எனவே எச்சம் இருந்தால் மின்னோட்டம் குறையும்.

நொதி கூடினால் நல்லதா?

அதிக நொதியைப் பூசினால் கருவி சிறக்கும் என்றே தோன்றும். கணக்கோ வேறுவிதமாகச் சொல்கிறது.

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் உரிக்கும் களத்தை எண்ணிப் பாருங்கள். இருபது ஆட்கள் இருந்தும், ஐந்து பேருக்குப் போதுமான காய்தான் வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வேலையை நிறுத்தினாலும் உரித்த காயின் எண்ணிக்கை குறையாது. நொதிப் படலத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. வேதிப்பொருள் படலத்தினுள் பரவும் வேகம் ஒன்று. நொதி அதைச் சிதைக்கும் வேகம் மற்றொன்று. தடிப்பு 10 மைக்ரானிலிருந்து 20 மைக்ரானானால், பரவலைவிடச் சிதைவின் கை நான்கு மடங்கு ஓங்கும். அப்போது எச்சம் பாதி நொதியை முடக்கினாலும் மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறையாது. எச்சமுள்ள தழை நல்ல தழை என்று தேறிவிடும்! படலம் மிக மெலிந்தாலோ மின்னோட்டமே அளக்க முடியாதபடி சிறுத்துவிடும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஏற்ற தடிப்பைக் காண, நூறு மின்முனைகளைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. சமன்பாடுகளைக் கொண்டு பெரும்பகுதியைத் தாளிலேயே கணித்துவிடலாம். மதுரைக் கல்லூரிக் கணிதத் துறையைச் சேர்ந்த ஈஸ்வரி, இராஜேந்திரன் ஆகியோர் நுண்வட்டு நொதி உணரியின் மின்னோட்டத்திற்கு இத்தகைய சூத்திரம் ஒன்றை 2010-இல் வெளியிட்டனர்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வெயில் சூட்டில் நொதி கெட்டாலும் மின்னோட்டம் குறையும். எனவே மருந்து தெளிக்காத தழையை முதலில் சோதித்து ஒப்பிடுதல் வேண்டும்.

2. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளை இந்நொதி காட்டாது. எந்த மருந்தின் எச்சம் என்றும் சொல்லாது. ஆய்வகத்தின் முடிவே இறுதியானது.

3. மருந்துச் சீட்டில் தங்கள் பயிரின் பெயர் இல்லையேல் அம்மருந்தைத் தெளிக்க வேண்டாம். தெளித்தபின், சீட்டில் கண்ட நாட்கள் கழிந்த பிறகே அறுவடை செய்யுங்கள்.

எந்தக் கருவி வந்தாலும், காத்திருக்கும் அந்தச் சில நாட்களே தங்கள் தழைக்குச் சந்தையில் நற்பெயரைத் தேடித் தரும்.