சிரிப்பு வராத நகைச்சுவையை ஏன் ரசிக்கிறோம்?

நகைச்சுவைக்கு உயிர்நாடி எதிர்பாராத திருப்பம் என்பார்கள். ஒருமுறை கேட்ட துணுக்கை யாராவது மறுபடியும் சொல்ல வந்தால், ‘இது பழசு’ என்று கையமர்த்திவிடுகிறோம். இந்த விதிக்குக் கட்டுப்படாத ஒரு வகை தொலைக்காட்சியில் உண்டு. அதே பாத்திரம், அதே இடம், அதே ஒற்றை வசனம் என்று வாரந்தோறும் திரும்ப வரும் துணுக்குக் காட்சிகள் அவை. பல வேளைகளில் அவற்றில் சிரிப்பதற்கு ஏதும் இருப்பதில்லை. இருந்தும், காத்திருந்து பார்க்கிறோம்.

இந்தப் புதிரை எனக்கு உணர்த்தியது பிரிட்டனின் ‘தி ஃபாஸ்ட் ஷோ’. பால் வொய்ட்ஹவுஸ், சார்லி ஹிக்சன் முதலானோர் உருவாக்கிய இத்தொடர் 1994இல் பிபிசி 2 அலைவரிசையில் தொடங்கியது. அதில் ரௌலி பர்கின் என்று ஒரு முதிய வழக்கறிஞர் வருவார். கணப்பருகே நாற்காலியில் அமர்ந்து, தன் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்வார். வாய்க்குள்ளேயே குழறும் அந்தப் பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் மட்டுமே காதில் விழும். முடிவில் மட்டும், அப்போது தான் அளவுக்கு மீறிக் குடித்திருந்ததாகத் தெளிவாகச் சொல்வார். அவ்வளவுதான் காட்சி. இதை இன்னொருவருக்கு விவரித்துச் சிரிக்கவைக்க முடியாது. நானும் பெரும்பாலும் சிரிப்பதில்லை. ஆனாலும், அந்த நாற்காலியும் கணப்பும் திரையில் தெரிந்ததும் மனம் இளகி உட்கார்ந்துவிடுகிறது.

தமிழ்த் தொலைக்காட்சி நேயர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1989இல் வெளியான ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை நகைச்சுவை அலைவரிசைகளில் எத்தனை முறை பார்த்திருப்போம்! செந்தில் வாய் திறக்கும் முன்பே வசனத்தை நாம் சொல்லிவிடுகிறோம். அங்கே நிகழ்வதைச் சிரிப்பு என்பதைவிட, சேர்ந்து ஒப்பிப்பது என்றே சொல்ல வேண்டும்.

சிரிப்பின் இயல்பு

மீண்டும் மீண்டும் நிகழ்வது ஏன் சிரிப்பூட்டுகிறது என்பதை பிரெஞ்சு தத்துவ அறிஞர் ஆன்ரி பெர்க்சன் 1900இல் வெளியான ‘சிரிப்பு’ என்ற நூலில் ஆராய்ந்தார். உயிருள்ள மனிதர் இயந்திரம்போல நடந்துகொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்பது அவர் தந்த விளக்கம். ஆனால், சிரிப்பு தீர்ந்துபோன பிறகும் ரசனை ஏன் தங்குகிறது என்பதற்கு வேறு இடத்தில்தான் விடை தேட வேண்டும்.

உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன் மீது விருப்பத்தை வளர்க்கிறது. அதற்கு வேறு காரணம் தேவையில்லை என்றார் அவர். பொருள் புரியாத சொற்களிலும் குறியீடுகளிலும்கூட இது நிகழ்வதை அவருடைய சோதனைகள் காட்டின.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரொவைன் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். பொது இடங்களில் மக்கள் பேசிச் சிரிப்பதை அவரும் மாணவர்களும் கவனித்துப் பதிவுசெய்தனர். சிரிப்புக்கு முன் சொல்லப்பட்ட வாக்கியங்களில் நகைச்சுவை என்று கருதத்தக்கவை 10 முதல் 20 சதவீதம் மட்டுமே. ‘சரி, பிறகு பார்ப்போம்’ என்பது போன்ற சாதாரணப் பேச்சுகளுக்கே மக்கள் அதிகம் சிரித்தனர். தனியாக இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிப்பதையும் அவர் கண்டறிந்தார். துணுக்கைக் கேட்டு வெளிப்படுவதைவிட, ‘நான் உன்னோடு இருக்கிறேன்’ என்று தெரிவிப்பதே சிரிப்பின் முதன்மையான வேலை என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்படிப் பார்த்தால், திரும்ப வரும் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்துபோகும் உறவினரைப் போன்றவர். ஒரே கதையை நூறாவது முறை சொல்லும் பெரியவரைக் கதைக்காக நாம் வரவேற்பதில்லை. அவர் இன்னும் வருகிறார், இன்னும் அவராகவே இருக்கிறார் என்பதே நமக்குப் போதுமாக இருக்கிறது.

சடங்காகிவிட்ட காட்சி

இதற்கு மிகச் சிறந்த சான்று ஜெர்மனியில் உள்ளது. ‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற 18 நிமிட ஆங்கிலக் குறுநாடகத்தை ஹாம்பர்க் நகரின் என்டிஆர் நிறுவனம் 1963இல் பதிவுசெய்தது. 1972 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று அது தவறாமல் ஒளிபரப்பாகிறது. நடித்த ஃபிரெடி ஃபிரிண்டனும் மே வார்டனும் ஆங்கிலேயர்கள். ஆனால், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அது முதன்முதலாக முழுமையாக ஒளிபரப்பானதே 2018இல்தான்.

கதை எளிது. மிஸ் சோஃபிக்கு 90ஆவது பிறந்தநாள். விருந்துக்கு வர வேண்டிய நான்கு நண்பர்களும் இறந்துபோய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு முன் பணியாளர் ஜேம்ஸ் மதுவை ஊற்றி, நால்வருக்காகவும் தானே குடிக்கிறார். தரையில் கிடக்கும் புலித்தோலின் தலையில் பத்து முறைக்கும் மேல் கால் இடறுகிறார். ஒருமுறை இடறாமல் கடந்துவிட்டு, தானே திகைத்து நிற்கிறார். ஒவ்வொரு சுற்றின்போதும், போன ஆண்டு செய்ததைப் போலவே செய்யட்டுமா என்று கேட்கிறார். ஒவ்வோர் ஆண்டும் செய்வதைப் போலவே என்று அம்மையார் பதில் சொல்கிறார்.

இறந்தவர்களின் இடத்தை ஒரு வழக்கத்தால் நிரப்பிவைக்கும் இரு முதியவர்களின் கதை இது. அதை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் குடும்பங்களும் ஏறக்குறைய அதையேதான் செய்கின்றன. போன ஆண்டு உடன் இருந்து பார்த்தவர் இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். அப்போதும் ஜேம்ஸ் அதே புலித்தலையில் இடறுவார்.

ஒரே காட்சி திரும்ப வருவதால் விளையும் இன்னொரு பயனும் உண்டு. பழகிய சுவரில் சிறு கீறல் விழுந்தாலும் கண்ணில் படும். ரௌலி பர்கின் பின்னாளில் ஒரு பகுதியில், தான் நேசித்து இழந்த பெண்ணைப் பற்றிப் பேசுகிறார். வழக்கமான கடைசி வசனம் வருகிறது. ஆனால், அது இப்போது துயரத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. அதே தொடரில் வரும் பண்ணை முதலாளி ரால்ஃப், பணியாளர் டெட் மீது தனக்குள்ள அன்பைச் சொல்லத் தெரியாமல் வயலின் வடிகாலைப் பற்றியே பேசித் தவிப்பவர். ஒரு காட்சியில் டெட்டின் மனைவி இறந்துவிட்ட செய்தியை அவர் சொல்லவேண்டி வருகிறது. முந்தைய காட்சிகளின் அசட்டுத் தயக்கம் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நிமிடத்தைக் கனக்கச் செய்கிறது. முதல் முறை பார்ப்பவருக்கு அந்தக் கனம் புரியாது.

பழக்கத்தின் ஆபத்து

ஆனால், பழக்கம் நல்லதையும் தீயதையும் பிரித்தறிந்து வளர்ப்பதில்லை. 2003இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘லிட்டில் பிரிட்டன்’ தொடரும் இப்படித் திரும்ப வரும் பாத்திரங்களால் புகழ்பெற்றதுதான். வெள்ளை இன நடிகர்கள் முகத்தில் கருமை பூசி நடித்த காட்சிகள் அதில் இருந்தன. 2020 ஜூனில் பிபிசியின் இணையத் தளமும் நெட்ஃபிளிக்ஸும் அதை நீக்கின. ஒளிபரப்பான காலத்தில் அந்தக் காட்சிகள் கோடிக்கணக்கானோருக்கு இயல்பாகவே தோன்றியிருந்தன. நம் திரையிலும் கறுப்பு நிறம், பருத்த உடல், பெண் வேடமிட்ட ஆண் ஆகியவை எத்தனை ஆண்டுகளாக நிலையான கேலிப் பொருள்களாக இருந்துவருகின்றன! அவற்றில் சிரிப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

எனவே, திரும்ப வரும் ஒரு காட்சியை மதிப்பிட, ‘சிரிப்பு வருகிறதா?’ என்ற கேள்வி போதாது. இது நம்மை எதற்குப் பழக்குகிறது என்றும் கேட்க வேண்டும். குழறிப் பேசும் முதியவரைப் பொறுமையுடன் கேட்கப் பழக்குகிறதா? அல்லது, ஒருவருடைய உடலைப் பார்த்ததும் யோசிக்காமல் சிரிக்கப் பழக்குகிறதா? வகுப்பறையில் அதே கேலிக்கு ஆளாகும் குழந்தைக்கு இந்த வேறுபாடு மிக நன்றாகத் தெரியும்.

கைபேசித் திரை இன்று நொடிக்கொரு புதுமையை நம் முன் தள்ளுகிறது. அதற்கு நடுவே, ஒன்றையே திரும்பப் பார்க்க விரும்புவதை ரசனைக் குறைவாக நான் கருதவில்லை. தெரிந்த முகம் தெரிந்த நேரத்தில் வந்து, தெரிந்த சொல்லைச் சொல்லிவிட்டுப் போவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்கள் பெருகிவரும் காலத்தில் அந்த ஆறுதல் சிறியதல்ல. உங்கள் வீட்டுப் பெரியவர் நூறு முறை பார்த்த காட்சியை மறுபடியும் போடச் சொன்னால், அலைவரிசையை மாற்றாமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். காட்சியைப் பார்த்துச் சிரிப்பு வராமல் போகலாம். அவர் சிரிப்பதைப் பார்த்து வந்துவிடும்.