கல்லறையைத் தேடி வரும் சீனர்கள்

கொல்கத்தா சியால்டாவில் லோக்கல் ரெயில் ஏறினால் பட்ஜ்பட்ஜ் கடைசி ஸ்டேஷன். அதையும் தாண்டி, ஹூக்ளி ஆற்றங்கரையில் அச்சிப்பூர் என்று ஒரு கிராமம்.

அங்கே குதிரை லாடம் போன்ற வடிவில், சிவப்பு வர்ணம் பூசிய சமாதி ஒன்று இருக்கிறது. இந்தியாவில் குடியேறிய முதல் சீனர் என்று போற்றப்படும் டாங் அச்சியூவின் சமாதி அது. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது நிலம் பெற்று, சீனாவில் இருந்து ஆட்களைக் கொண்டு வந்து, கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை நடத்தியவர். 1783-ம் ஆண்டு இறந்தார். ஆலை போய்விட்டது. ஊருக்கு அவர் பெயர் நின்று விட்டது.

சீனப் புத்தாண்டை ஒட்டி, கொல்கத்தா சீனர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து வணங்குகிறார்கள். ரத்த உறவு வேண்டும் என்பதில்லை. முதலில் வந்தவர் அல்லவா? எல்லோருக்கும் அவர் பாட்டன்!

சிங்மிங் நாள்

சொந்த முன்னோருக்குத் தனி நாள் உண்டு. அது ஏப்ரல் 4 அல்லது 5-ந் தேதி வரும் 'சிங்மிங்'. கல்லறையைப் பெருக்கும் நாள் என்றே அதைச் சொல்வார்கள்.

அன்று புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவுவார்கள். கோழி, பன்றி இறைச்சி, பழம், தேநீர், மது எல்லாம் படைத்து, ஊதுபத்தி கொளுத்தி, மும்முறை குனிந்து வணங்குவார்கள். காகிதப் பணத்தைக் கொளுத்துவார்கள். அது மறு உலகச் செலவுக்கு! படைத்ததைப் பிறகு குடும்பத்தோடு சாப்பிடுவார்கள், நம் வீட்டுப் படையல் போலவே.

கல்லில் பெயரோடு சொந்த ஊரும் பொறித்திருக்கும். சீனாவைக் கண்ணால் காணாத பேரனுக்கும் அவன் ஊர் எது என்று அந்தக் கல் சொல்லிவிடும்.

போர் வந்தது

1962-ம் ஆண்டு இந்தியா-சீனா போர் மூண்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உள்பட சுமார் 3 ஆயிரம் சீனர்கள் ராஜஸ்தானில் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். வெளியே வந்த பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் போய்விட்டார்கள். கல்லறையைக் கூடக் கொண்டு போக முடியுமா?

ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்காமல், இதே ஹூக்ளியில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடும் நம்மவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். நமக்கு ஓர் ஆறு கிடைத்தால் காரியம் முடிந்தது. சீனருக்கு அந்தக் கல்தான் வேண்டும்.

அதனால் சிலர் இங்குள்ள உறவினரிடம் பொறுப்பை விட்டிருக்கிறார்கள். முடிந்தவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். வந்ததும் முதல் வேலை, கல்லில் எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்த்து, வர்ணம் தீட்டுவதுதான்.