கிடார் பிடித்த கை பியானோவில் பழக...

"ஏம்மா, இத்தனை பணம் போட்டு வாங்கின பெட்டி, துணி போர்த்திக்கிட்டுச் சும்மா கிடக்கே! யாராவது வாசிக்கப் போறீங்களா, இல்லே நான் அப்பளம் காயப் போடட்டுமா?"

என் மாமியார் கேட்டது எங்கள் வீட்டுக் கீ போர்டைப் பற்றி. மூன்று மாதம் வகுப்புக்குப் போன என் பெண், "போரடிக்குதும்மா" என்று நிறுத்திவிட்டாள். நானோ கல்லூரி நாளில் கிடார் வாசித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கிடார் பரணுக்குப் போயிற்று. மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிடாருக்கு எங்கே இடம்? 'சரி, இதையாவது நாம் வாசிப்போமே' என்று குழந்தை தூங்கும் மதிய நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு நோட்ஸ் படிக்கவே தெரியாது என்று! பாட்டு வரிகளுக்கு மேலே 'ஸி, ஜி, ஏ மைனர்' என்று எழுதியிருந்தால் போதும், கிடாரில் சமாளித்து விடுவேன். பியானோ நோட்ஸோ இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் 5 கோடு, மேலே எறும்பு ஊர்ந்த மாதிரி புள்ளிகள்!

என்னைப் போல ஆசைப்படும் சகோதரிகளுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் எதைத் தேடுவது?

கிடாருக்கான 'டேப்' பியானோவுக்கு உதவாது. அதிலுள்ள 6 கோடுகளும் கம்பிகள், எண்கள் ஃப்ரெட்டுகள். பியானோ நோட்ஸில் மேல் வரிசை பெரும்பாலும் வலது கைக்கு, கீழ் வரிசை இடது கைக்கு. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் 'மிடில் ஸி'. ஒரு ஆறுதல் உண்டு. கிடாரில் ஒரே ஸ்வரம் இரண்டு மூன்று இடத்தில் கிடைக்கும். பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே இடம்தான்.

நம் மாதிரி ஆட்களுக்கு நல்ல தொடக்கம் 'லீட் ஷீட்'. ஒரே வரிசையில் மெட்டு, அதற்கு மேலே கார்டு பெயர். மெட்டை வலது கை வாசிக்க, தெரிந்த கார்டை இடது கை பிடித்தால் போதும். கிடாரில் ஸி கார்டுக்கு 5 கம்பிகளை மீட்டுவோமே, அதில் இருப்பது 3 ஸ்வரம்தான்; ஸி, ஈ, ஜி. அதாவது நம் ஸ, க, ப! பியானோவில் 3 விரல் வைத்தால் முடிந்தது.

விரல் எண்ணில் மட்டும் ஜாக்கிரதை! கிடாரில் இடது கை ஆள்காட்டி விரல் 1. பியானோவில் கட்டைவிரல்தான் 1, சுண்டுவிரல் 5. இதை மறந்து நான் ஒரு வாரம் விரல்களைப் பின்னிக்கொண்டேன்.

எங்கே கிடைக்கும்?

2006-ல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் பழைய மேதைகளின் அச்சுப் பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மியூட்டோப்பியாவில் அதே மாதிரி படைப்புகளைப் புதிதாக அச்சுக் கோத்துத் தருகிறார்கள். எழுத்து தெளிவாக இருக்கும். மியூஸ்கோர் தளத்தில் வாசகர்களே எழுதிப் போட்டவை ஏராளம். ஆனால் தவறுகளும் இருக்கும். பலவற்றை இறக்கிக்கொள்ளச் சந்தாவும் கேட்பார்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி, இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அந்த இசை பொதுச் சொத்து. 1750-ல் மறைந்த பாக், 1827-ல் மறைந்த பீத்தோவன் எல்லாரும் தாராளமாக நம் வீட்டுக்கு வரலாம். இன்றைய சினிமாப் பாட்டு என்றால் முறையாக விலைக்கு வாங்குவதே நியாயம்.

நான் ஏமாந்த கதை

'7 நாள் இலவசம்' என்று ஒரு தளம். ஆசையாகக் கணவரின் கார்டு எண்ணைக் கொடுத்தேன். எட்டாம் நாள் ஒரு வருஷச் சந்தா மொத்தமாகப் போய்விட்டது! மளிகைக்கு வைத்திருந்த பணம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கார்டு எண் கேட்டாலே, எப்படி ரத்து செய்வது என்பதை முதலில் படித்துவிடுங்கள், சகோதரிகளே!

இன்னொரு சறுக்கல், பீத்தோவனின் 'ஃபர் எலிசே'. எல்லாருக்கும் தெரிந்த ஆரம்பம் சுலபம்தான். ஆனால் மூலப் பிரதியில் நடுப்பகுதி வந்ததும் கை திணறிப்போகும். பெயரோடு 'ஈஸி பியானோ' என்றும் சேர்த்துத் தேடுங்கள்.

எனக்குக் கை கொடுத்தது ஒரு குடும்பத் தலைவியின் நோட்டுப் புத்தகம்! பாக்கின் மனைவி ஆனா மக்தலேனா, 13 குழந்தைகளைப் பெற்றவர். 1725-ல் தொடங்கிய அவருடைய நோட்டில் சின்னச் சின்ன இசைத் துண்டுகள் இருக்கின்றன. அதிலுள்ள ஜி மேஜர் 'மினுவெட்' மிகப் பிரபலம். வெகுகாலம் பாக் எழுதியதாகவே நினைத்தார்கள். உண்மையில் அது கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது.

முதுகையும் கவனியுங்கள்

முழங்கை கீ போர்டின் உயரத்துக்கு வரும்படி நாற்காலியைப் போடுங்கள். மணிக்கட்டு மடங்கக் கூடாது. ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, 15 நிமிஷம் இரண்டு தடவை நல்லது. வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். முதலில் வலது கை, பிறகு இடது கை, அப்புறம்தான் இரண்டும் சேர்ந்து.

போன வாரம் மினுவெட்டைத் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் மாட்ட மறந்துவிட்டது. ஸ்கூலிலிருந்து வந்த என் பெண், பையைக்கூடக் கழற்றாமல் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, தப்பு! அது எஃப் இல்லே, எஃப் ஷார்ப். தள்ளி உக்காரு, நான் காட்டறேன்."

தள்ளி உட்கார்ந்தேன். அப்பளம் காயப் போட மாமியார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்!