இருதயத் தசையும் பரம்பரையும்

நல்ல உடற்கட்டுள்ள இளைஞன் ஒருவன் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் திடீரெனச் சாய்ந்து உயிர் துறந்தான் என்னும் செய்தியை நாம் அவ்வப்போது கேள்வியுறுகிறோம். கண்ணேறு என்பாரும் விதி என்பாரும் உண்டு. லண்டன் மருத்துவர் டொனால்ட் டீர், இவ்வாறு இறந்த இளவயதினர் சிலரின் இருதயங்களை ஆராய்ந்து, இடைச்சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்ததை 1958-இல் எழுதிவைத்தார். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பர். பெரும்பாலும் இது பரம்பரை வழி வருவது.

தடித்த இருதயம் வலிய இருதயம் அன்றோ என்று நேயர்கள் வினவலாம். அன்று. சுவர் தடிக்கத் தடிக்க உள்ளறை சுருங்குகிறது. நிறையாத குடத்திலிருந்து எவ்வளவு ஊற்ற முடியும்?

இருதய உயிரணுவினுள் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் கோத்த விரல்களைப் போல் அமைந்துள்ளன. மயோசினின் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கத் தசை சுருங்குகிறது, விடத் தளர்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இது நிகழ்கிறது. எனினும் எல்லாத் தலைகளும் ஒருசேர உழைப்பதில்லை. ஒரு பகுதி மடங்கி ஓய்ந்திருக்கும். அவ்வோய்வைக் காக்கும் காவலாளியே மயோசின் பிணைப்புப் புரதம் ‘சி’. இதனை உண்டாக்கும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணு பழுதுபட்டால் காவல் குறைகிறது. ஓய்ந்திருக்க வேண்டிய தலைகளும் வேலைக்கு வந்துவிடுகின்றன. இருதயம் வலிந்து சுருங்குகிறது; முற்றும் தளர மாட்டாது; சக்தி விரயமாகிறது. நாளடைவில் உயிரணுக்கள் பருத்து, வரிசை குலைந்து, இடையே நார் படிகிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் அங்கே தடுமாறுவதே திடீர் மரணத்துக்கு வாயில்.

நம் நாட்டுக்கே உரிய செய்தி ஒன்றுண்டு. இம்மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் பழுதைப் பற்றி, ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தினர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் விரிவாக வெளியிட்டனர். இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் 100-க்குச் சுமார் 4 பேரிடம் இது காணப்படுகிறது. விடுபட்ட எழுத்துகள் புரதத்துக்கான வாசகத்தில் இல்லை. வெட்டி எறியப்படும் பகுதியில்தான் உள்ளன. ஆயின், எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று காட்டும் குறிப்பும் அவற்றோடு போய்விடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை நன்கறிவோம்: தட்டச்சுப் பிரதியில் நீக்கற்குறி அழிந்துபோனால், வேண்டிய பத்தியும் சேர்ந்து தொலைந்துவிடும். இங்கும் அவ்வாறே புரதத்தின் வால்முனை மாறிவிடுகிறது.

இதனை உடையோருக்கு இருதயம் தளர்ந்து செயலிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என 2009-இல் கணித்தனர். 100-க்கு 4 பேர் என்றால் கோடிக்கணக்கானோர். அச்சம் எழுந்தது இயல்பே. ஆனால் 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை இக்கணக்கைத் திருத்தியது. 25 எழுத்துக் குறையுடையோருள் ஒரு சிறு பகுதியினருக்கு அதே மரபணுவில் வேறொரு பிழையும் சேர்ந்தே வருகிறது. தடிப்புக்குக் காரணம் அப்பிழையே என்றும், எழுத்துக் குறை மட்டும் உள்ளோருக்கு ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றும் அது கூறியது. ஆகவே இக்குறை ஒன்றையே கண்டு ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்துதல், திருமணப் பேச்சை முறித்தல் போன்றவை வீண் கொடுமை என்றே நாம் கருதுகிறோம்.

உண்மையிலேயே சுவர் தடித்தவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் நிலைமை வேறு. பழுதான மரபணு அவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் செல்லச் சரிபாதி வாய்ப்பு உண்டு. பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோர் ஈ.சி.ஜி., எக்கோ ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். இரண்டும் உடலை வருத்தாதவை. ஒருமுறை பார்த்ததோடு நின்றுவிடலாகாது. இருபதில் மெல்லியதாய் இருந்த சுவர் நாற்பதில் தடித்திருப்பதும் உண்டு என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவர்கள் மீண்டும் அழைத்துப் பார்க்கிறார்கள்.