சாட்டை கைமாறினால் போதுமா?

"பறக்கும் நாகம், நடக்கும் பிணம், நெருப்பிலிருந்து பேசும் குரல் – இதையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பதா தோழரே நம் வேலை?"

இரவு ஷிப்டு முடித்துவிட்டு, கண்ணில் பஞ்சுத் தூசியோடு வந்த ஆலைத் தோழர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. நாள் முழுதும் உழைத்தவனின் இரவு நேரம் விலை மதிப்புள்ளது. அதைக் கட்டுக்கதைக்குக் கொடுப்பானேன்?

நான் சொன்னேன்: "பறக்கும் நாகம் பொய்தான் தோழரே! ஆனால் அந்த நாகத்தை விலையாகக் கொடுத்து ஒரு சரக்கு வாங்கப்படுகிறதே, அந்தச் சரக்கு பொய்யல்ல. அந்தச் சரக்கின் பெயர் மனிதன்!"

அவர் உட்கார்ந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' – அரியணைக்கான ஆட்டம் – என்பது அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் 2011 முதல் 2019 வரை, எட்டுப் பருவங்களில் 73 பகுதிகளாக ஒளிபரப்பிய தொலைக்காட்சி நாடகம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையிலிருந்து பிறந்தது. அதன் மூன்றாம் பருவத்து நான்காம் பகுதி 2013 ஏப்ரல் 21 அன்று வெளியாயிற்று. அந்த ஒரு பகுதியில் மூன்று காட்சிகள் எனக்குப் பிடித்தவை. முதலிரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவதிடம்தான் நமக்கு வேலை இருக்கிறது.

முதற்காட்சி, ஒரு குகை. மன்னர்களின் சண்டையில் வீடிழந்த எளிய மக்களுக்காகப் போரிடும் ஒரு கூட்டம், அரண்மனை வீரன் ஒருவனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. 'வேட்டை நாய்' என்பது அவனுக்கு வழங்கும் பெயர். குற்றங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். அவனோ அலட்சியமாகத் தட்டிக்கழிக்கிறான். அப்போது ஆர்யா என்ற சிறுமி எழுந்து ஒரே ஒரு பெயரைச் சொல்கிறாள்: மைக்கா!

யார் இந்த மைக்கா? இளவரசனா? தளபதியா? இல்லை. இறைச்சிக் கடைக்காரரின் மகன். ஆற்றங்கரையில் இவளோடு குச்சி வைத்து வாள் விளையாடியவன். அந்த வழியே வந்த இளவரசன் வம்புக்கு இழுத்தான். இளவரசனை அடித்தவள் இவள். வெட்டுண்டு செத்தவனோ அந்தச் சிறுவன். ஏன் கொன்றாய் என்று கேட்டபோது வேட்டை நாய் சொல்லும் பதில் என்ன தெரியுமா? இளவரசர்களைக் கேள்வி கேட்பது என் வேலையல்ல என்பது!

எத்தனை முறை கேட்ட பதில் இது! துப்பாக்கி தூக்கியவன் சொன்னான். கையெழுத்துப் போட்ட அதிகாரியும் சொன்னான். மேலிடத்து உத்தரவு; நான் என்ன செய்வேன்? இந்த நாடகத்தில் அரசர்கள் சாகும்போது ஊரே திரண்டு பேசும். ஓர் இறைச்சிக் கடைக்காரர் மகனின் சாவை ஒரு சிறுமி மட்டும் மறக்காமல் மனத்தில் சுமந்து வந்து சபையில் வைக்கிறாள். அதற்காகவே அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது காட்சி, அரண்மனை அறையில் ஒரு பெட்டி. ஒற்றர் தலைவன் வேரிஸ் அந்தப் பெட்டியின் ஆணிகளைப் பெயர்த்துக்கொண்டே தன் சிறுவயதுக் கதையைச் சொல்கிறான். கூத்துக் குழுவோடு ஊர் ஊராய்த் திரிந்த அனாதைச் சிறுவன் அவன். மந்திரவாதி ஒருவன் அவனை விலைக்கு வாங்கி, உறுப்பை அறுத்து, நெருப்பில் போட்டுவிட்டு, சாகட்டும் என்று தெருவில் எறிந்தான். பையன் சாகவில்லை. பிச்சையெடுத்தான், திருடினான், பிறர் இரகசியங்களைச் சேர்த்தான், மெல்ல மெல்ல மேலே ஏறினான். கதை முடிகிறது, பெட்டி திறக்கிறது. உள்ளே வாய் தைக்கப்பட்டுக் கிடக்கிறான் அந்த மந்திரவாதி!

பார்ப்பவனுக்கு முதலில் மகிழ்ச்சி. கொஞ்சம் பொறுத்தால் ஓர் உறுத்தல். பெட்டிக்குள் கிடப்பவன் மாறினான், சரி. பெட்டி ஒழிந்ததா? அந்த உறுத்தலோடுதான் மூன்றாவது காட்சிக்குப் போக வேண்டும்.

★

அஸ்டபோர் என்பது நாடகத்தில் வரும் அடிமை வணிக நகரம். மொராக்கோ நாட்டுக் கடற்கரைப் பட்டணமான எஸ்ஸவீராவில் அதைப் படமெடுத்தார்கள். அந்த நகரின் சரக்கு 'மாசற்றோர்' என்ற அடிமைப் படை. ஐந்து வயதில் பிடித்து, விதை அறுத்து, வலியும் அச்சமும் தெரியாமல் பழக்குகிறார்கள். பயிற்சி முடிவில் ஒரு தேர்வு உண்டு. கையில் ஒரு வெள்ளிக் காசுடன் அடிமைச் சந்தைக்குப் போக வேண்டும். பிறந்த குழந்தை ஒன்றைத் தாயின் கண் முன்னாலேயே கொல்ல வேண்டும். அந்தக் காசைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

காசு யாருக்கு? தாய்க்கு என்றுதானே நினைப்போம்? இல்லை. குழந்தையின் உடைமையாளனுக்கு! அவனுடைய சொத்து அல்லவா நட்டமாயிற்று! அந்த வெள்ளிக் காசை மறந்துவிடாதீர்கள், மீண்டும் வரும்.

நாடு இழந்த இளவரசி டெனேரிஸ் படை வாங்க அங்கே வருகிறாள். எமிலியா கிளார்க் என்ற ஆங்கிலேய நடிகை ஏற்ற பாத்திரம். எட்டாயிரம் பேரையும் வாங்க அவளிடம் பணம் இல்லை. மூன்று டிராகன் குட்டிகள் உண்டு. பெரிய குட்டியைத் தருகிறேன் என்கிறாள். கூட இருக்கும் இரண்டு வீரர்களும் திகைக்கிறார்கள். வணிகன் கிராஸ்னிஸுக்கோ வாயெல்லாம் பல்.

இந்தப் பேரம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். கிராஸ்னிஸ் தன் மொழியில் பேசுகிறான். மிசாண்டே என்ற அடிமைப் பெண் பெயர்த்துச் சொல்கிறாள். அவன் வாயைத் திறந்தால் வசவு. பரத்தை என்கிறான், மூடப் பெண் என்கிறான். மிசாண்டே அந்தச் சாக்கடையை வடிகட்டி, மரியாதைத் தமிழில் சொல்வதுபோல் தன் நாட்டுப் பண்போடு மாற்றிச் சொல்கிறாள். துரை ஒரு மொழியிலும் உழைப்பாளி ஒரு மொழியிலும் இருந்த இடமெல்லாம் இந்த நாடகம் நடந்ததுதான். முதலாளியின் ஏச்சைக் கூலிக்குத் தெரியாமல் விழுங்கியவர்களும் உண்டு; ஏச்சைக் கூட்டிச் சொல்லிக் காசு பார்த்தவர்களும் உண்டு.

குறித்த நாள் வருகிறது. படை அணிவகுத்து நிற்கிறது. டிராகனின் சங்கிலியை அவள் கொடுக்கிறாள். அவன் சாட்டையைக் கொடுக்கிறான். சாட்டை யார் கையிலோ, படை அவர்கள் உடைமை. முன்னேறு என்கிறாள், நடக்கிறார்கள். நில் என்கிறாள், நிற்கிறார்கள். ஆனால் டிராகன் மட்டும் கிராஸ்னிஸ் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. எரிச்சலில் மறுபடி வைகிறான்.

அப்போது அவள் திரும்புகிறாள். அவனுடைய மொழியிலேயே பேசுகிறாள். டிராகன் அடிமையல்ல என்கிறாள். வலீரிய மொழி என் தாய்மொழி என்கிறாள்!

ஆக, இத்தனை நாள் அவன் வைத வசவு அத்தனையும் அவளுக்குப் புரிந்திருக்கிறது! ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் நின்றிருக்கிறாள்! கிராஸ்னிஸின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கைதட்டினேன் என்று சொல்ல வெட்கமில்லை. அந்த மொழியை இந்த நாடகத்துக்கென்றே இலக்கணத்தோடு உருவாக்கியவர் டேவிட் பீட்டர்சன் என்ற அமெரிக்க மொழியறிஞர். செய்து வைத்த மொழிதான். ஆனாலும் தாய்மொழி என்று அவள் சொல்லும்போது தலை நிமிர்கிறதே, அது செய்து வைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்து ஆணை பிறக்கிறது. எசமானர்களை வெட்டுங்கள், சாட்டை பிடித்த ஒவ்வொருவனையும் வெட்டுங்கள், குழந்தைகளைத் தொடாதீர்கள், அடிமைகளின் சங்கிலியை உடைத்தெறியுங்கள். நான்தான் உங்கள் எசமான், அவளைக் கொல்லுங்கள் என்று கிராஸ்னிஸ் கத்துகிறான். ஒருவனும் அசையவில்லை. டிராகன் தீ உமிழ்கிறது, வணிகன் எரிகிறான்.

உலகம் முழுவதும் அந்தத் தீயைப் பற்றித்தான் பேசினார்கள். என் மனம் நின்றது அதற்குப் பின்னால்.

புகை மண்டிய திடலில் குதிரை மேல் இருந்து அவள் சொல்கிறாள்: நீங்கள் இன்று முதல் சுதந்திரர். போக விரும்புகிறவர் போகலாம், யாரும் தொடமாட்டார்கள். சுதந்திர மனிதர்களாக எனக்காகப் போரிடுவீர்களா? பதிலே இல்லை. எட்டாயிரம் பேர், ஒரு சத்தமில்லை. பிறகு ஒரே ஓர் ஈட்டியின் அடிக்கட்டை தரையில் மோதுகிறது. இன்னொன்று. பத்து, நூறு, ஆயிரம்! தரை அதிர்கிறது. நகர வாயிலைத் தாண்டும்போது அவள் சாட்டையைப் புழுதியில் எறிகிறாள்.

★

அழகான காட்சி. ஆனால் அழகு கண்ணை மறைக்க விடலாமா?

எசமானர்களை வெட்டியபோது அவர்கள் கீழ்ப்படிந்தது எதற்கு? நீதிக்கா? இல்லை, சாட்டைக்கு. அது அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஐந்து வயது முதல் 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொடுக்கப்படாதவனிடம், போகிறாயா இருக்கிறாயா என்று கேட்டால் அவன் சொல்லும் பதிலுக்கு என்ன பொருள்? குதிரை மேல் இருந்து கொடுத்த விடுதலையைக் குதிரை மேல் இருந்தே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்தக் கேள்வியை நாடகமே பின்னர் கேட்டது. அது அதன் நேர்மை. அந்தப் படையின் தலைவன் பெயர் சாம்பல் புழு. எசமானர்கள் இழிவாக வைத்த பெயர். நான் விடுதலையான நாளில் எனக்கிருந்த பெயர் இது, மாற்றமாட்டேன் என்கிறான். நான்காம் பருவத்தில் (2014) அவன் மீரீன் நகரத்துச் சாக்கடை வழியே இரவில் நுழைந்து, அங்குள்ள அடிமைகளின் இரகசியக் கூட்டத்தில் பேசுகிறான். விடுதலையை யாரும் உங்களுக்குத் தரமுடியாது, நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் பேச்சின் சாரம். சொன்னது மகாராணியல்ல, புழு என்று பெயர் பெற்றவன்!

அதே பருவத்து முடிவில் ஒரு கிழவர் வருகிறார். எசமான் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அடிமை. விடுதலைக்குப் பின் சோறும் இடமும் இல்லை. என்னைப் பழைய எசமானுக்கே விற்றுக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று கெஞ்சுகிறார். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு இளவரசி இசைகிறாள். பெயர்தான் வேறு, இது அடிமைத்தனமே என்று முதிய வீரன் எச்சரிக்கிறான். 2019-இல் அதே இளவரசி, சரணடைந்த ஒரு நகரத்தை டிராகன் தீயால் சாம்பலாக்கியதையும் பார்த்தோம்.

கட்டுக்கதையா இது? வெள்ளிக் காசை நினைவில் வையுங்கள் என்றேனே! 1833-இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. நட்ட ஈடாக 2 கோடி பவுன் கொடுத்தது. யாருக்கு? சங்கிலி சுமந்தவனுக்கா? இல்லை, உடைமையாளனுக்கு! அந்தக் கடனின் மிச்சம் தீர்ந்தது 2015-இல். விடுதலையானவர்கள் விட்டுச் சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு 'ஒப்பந்தம்' என்ற பெயரில் ஆள் தேடினார்கள். மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் ஏறியவர்களில் நம் தமிழர்களும் உண்டு. அந்தக் கிழவரின் ஒப்பந்தத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கப்பல்கள்தான் தெரிந்தன.

ஹெய்ட்டியில் 1791-இல் அடிமைகள் தாங்களே எழுந்தார்கள். 1794-இல் பிரான்ஸ் விடுதலையை ஒப்புக்கொண்டது. 1802-இல் நெப்போலியனின் படை வந்திறங்கியது. அவர்கள் விடவில்லை, போரிட்டு 1804-இல் தனி நாடானார்கள். அவர்களிடமும் 1825-இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் கேட்டது, பழைய உடைமையாளர்களின் நட்டத்துக்காக! அதே வெள்ளிக் காசு!

ஆலைத் தோழர் இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு ஒரு கேள்வி போட்டார்: "முதல் ஈட்டியைத் தட்டினவன் யார் தோழரே? அவன் பெயரைச் சொல்கிறார்களா?"

சொல்லவில்லை. அவன் யாரென்று அந்தக் காட்சி காட்டவில்லை. எட்டாயிரம் பேர் அசையாமல் நின்ற இடத்தில், என்ன ஆகுமோ என்று தெரியாமல், முதலில் கையை அசைத்தவன் அவன். டிராகனைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது, தோழர்களே, நீங்கள் அந்த முதல் சத்தத்தைக் கேளுங்கள்!