ஊர் வரலாற்றை எழுதிய மாணவர்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைப்பகுதியில் உள்ளது ரேபன் மாவட்டம். 1966இல் அங்குள்ள பள்ளி ஒன்றில், ஆங்கிலப் பாடத்தில் மனம் ஒட்டாத மாணவர்கள் தம் ஆசிரியரின் தூண்டுதலால் ஓர் இதழைத் தொடங்கினார்கள். இருளில் ஒளிரும் காட்டுப் பூஞ்சையின் பெயரான ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்பதை அதற்குச் சூட்டினார்கள்.

ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர் முதியோரைத் தேடிச் சென்றார்கள். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது, சோப்பு காய்ச்சுவது, இறைச்சியைப் பதப்படுத்துவது என முதியோர் சொன்னவற்றை அவர்களின் பேச்சுமொழியிலேயே எழுதினார்கள். சொல்பவர் மறைந்தால் அந்த அறிவும் மறைந்துவிடும் அல்லவா? 1972இல் அக்கட்டுரைகள் நூலாக வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்றன.

வகுப்பில் எழுதும் கட்டுரையை ஆசிரியர் மட்டுமே படிப்பார். இதழையோ ஊரே படிக்கும். எனவே கவனித்துக் கேட்கவும், குறிப்பெடுக்கவும், பிழை திருத்தவும் மாணவர்களுக்கு உண்மையான தேவை பிறந்தது.